கவசத்தின் முடிச்சு முதுகுப் பக்கம்

பெரியவளே, சின்னவளே,

இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். பெரியவளுக்குக் கன்னடம்தான் வேகமாக வரும் என்று தெரியும். சின்னவள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போய் இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். பரவாயில்லை, மெதுவாகப் படியுங்கள். நானும் ஒன்பதாவதோடு நின்றவன்தான், மெதுவாகத்தான் எழுதுகிறேன். புரியாத இடத்தில் என்னைக் கேளுங்கள். அம்மாவைக் கேட்க வேண்டாம். அவளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், பாதியிலேயே "போதும் குடுங்க" என்று பிடுங்கிக்கொள்வாள்.

போன வாரம் சின்னவள் கட்டுரை எழுத உட்கார்ந்தாள். தமிழ் வகுப்பு டீச்சர் கொடுத்தது. பார்த்த சரித்திரப் படம் ஒன்றில் வரும் வீரனின் குணங்களை எழுத வேண்டும். நான் அப்போதுதான் சிவாஜிநகர் கடையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். "அப்பா, வீரன்னா என்ன குணம்?" என்று கேட்டாள். "பயமே இல்லாதவன், அவ்வளவுதான், எழுதிக்கோ" என்றேன். அவளும் எழுதிக்கொண்டாள். பிறகு பென்சிலைக் கடித்துக்கொண்டு, "இது ஒரு வரிதானே, இன்னும் வேணும்ப்பா" என்றாள். சாப்பிட்டுப் படுத்த பிறகுதான், நாம் சொன்ன அந்த ஒரு வரியே சரியில்லையே என்று தோன்றியது. சரியான பதில் என்னவென்று எனக்குத் தெரியும். அது எனக்குக் கிடைத்த கதையை நீங்கள் இரண்டு பேரும் முழுசாகக் கேட்டதில்லை.

படம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், போன தீபாவளிக்கு வந்தது. அப்போது நம் வீடு எப்படி இருந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று உங்களுக்குச் சொல்லியிருந்தோம். எவ்வளவு மோசம் என்று சொல்லவில்லை. மாசாமாசம் ரத்தம் போய்ப் போய் முகம் வெளுத்துவிட்டது. கீழேயிருந்து நம் மாடிக்கு ஏறி வரும்போது படி திரும்பும் இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கேட்டால், காய்கறிப் பை கனக்கிறது என்பாள். பையில் ஒரு கட்டு கீரைதான் இருக்கும். டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்: மாத்திரை ரத்தத்தை ஏற்றும், நீங்கள் இறக்கிக்கொண்டே இருப்பீர்கள், இப்படியே போனால் இதயம் தாங்காது, ஆபரேஷன் செய்து எடுத்துவிடுவதுதான் நல்லது. அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் காலண்டரைப் பார்த்தாள்.

ஆடி மாசம் ஆஸ்பத்திரி வேண்டாம். ஆவணியில் வாணியம்பாடியில் அவள் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம். புரட்டாசியில் சனிக்கிழமை விரதம். ஐப்பசியில் தீபாவளி. அதற்குப் பிறகு பெரியவளுக்குப் பரீட்சை. "தை பிறக்கட்டும்" என்றாள். தமிழனின் காலண்டரில் தள்ளிப்போடக் காரணத்துக்கா பஞ்சம்?

எல்லோரும் அவளுக்குத் தைரியம் சொன்னோம். நான் காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை சொன்னேன். உங்கள் பாட்டி போனில் சொன்னார். கீழ்வீட்டு அக்கா, தன் தங்கைக்கு இதே ஆபரேஷன் ஆகி அடுத்த மாசமே சர்ச்சுக்கு நடந்து வந்தாள் என்று சொன்னார். பெரியவள் செல்போனில் ஏதோ படித்துக் காட்டினாள். சொன்னதெல்லாம் ஒரே வார்த்தைதான், பயப்படாதே. அம்மா சிரித்துக்கொண்டே, "எனக்கென்ன பயம், வேலைதான் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அப்போதுதான் இந்தப் படம் வந்தது. ஊரெல்லாம் கட் அவுட். வாளைத் தூக்கிக்கொண்டு குதிரை மேல் வீரன். எனக்கு ஒரு யோசனை. படத்துக்குக் கூட்டிக்கொண்டு போவோம், இப்படி ஒரு வீரனைப் பார்த்தால் யாருக்கும் ரத்தம் கொதிக்கும், வந்த கையோடு ஆபரேஷன் தேதியைப் பேசிவிடலாம். பெரிய சாணக்கியன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

டிக்கெட்டை நான்தான் போனில் போட்டேன். அதில் நடந்ததை வைத்து நீங்கள் இன்றுவரை என்னைக் கிண்டல் செய்கிறீர்கள். இந்த ஊரில் ஒரே படம் ஒரே மாலில் தமிழில் ஓடும், கன்னடத்தில் ஓடும், தெலுங்கிலும் இந்தியிலும் ஓடும். நான் நாலு சீட் ஒன்றாகக் கிடைக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். கிடைத்தது, அமுக்கிவிட்டேன். ஹால் இருட்டாகி, பேர் போடுகிற எழுத்து திரையில் வந்தபோது பெரியவள் என் தோளைத் தட்டினாள்.

"அப்பா, இது கன்னட ஷோ."

நம் வீரன் வாயைத் திறந்தான். வாய் தமிழில் அசைந்தது, வேறு யாரோ கன்னடத்தில் பேசினார்கள். நான் பிறந்ததே ஜோகுபாளையம், எனக்குக் கன்னடம் சிக்கல் இல்லை. அம்மாதான் பாவம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நம் தெருவில் தமிழிலேயே வண்டி ஓடிவிட்டது. எவ்வளவு, வேண்டாம், கொஞ்சம் கம்மி பண்ணு. கீரைக்காரரிடம் பேசும் இந்த மூன்றுதான் அவள் கன்னடம். படத்தில் ராஜா யாரிடமும் பேரம் பேசவில்லை. "பரவால்ல விடுங்க, சண்டைக்கு எதுக்கு பாஷை" என்றாள்.

சின்னவள் அம்மா காதில் மொழிபெயர்க்க ஆரம்பித்தாள். ஆனால் அது அரண்மனைக் கன்னடம், நாம் பஸ்ஸில் பேசுகிற கன்னடம் இல்லை. ராஜா ஒரு பக்க வசனம் பேசி முடித்தால், "ஏதோ சத்தியம் பண்றார்மா" என்று ஒரு வரியில் முடித்துவிடுவாள். கன்னடத்தில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்குகிற பெரியவளும் இரண்டு இடத்தில் முழித்தாள். பின் சீட்டுக்காரர் கொஞ்சம் சும்மா இருங்கள் என்றார். அதற்குப் பிறகு முக்கியமான இடத்தில் மட்டும் ஒரு வார்த்தை சொன்னீர்கள். மற்றபடி அம்மா பேச்சை விட்டுவிட்டு, முகத்தையும் கையையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதை சின்னதுதான். ஒரு சின்னக் கோட்டை, பெரிய சேனை ஒன்று அதைச் சூழ்ந்துகொள்கிறது. ராஜா பின்வாசல் வழியாக ஓடிவிடுகிறார். தளபதி ஒருவன் மட்டும் போகாமல் நிற்கிறான். அவன்தான் நம் வீரன். இடைவேளைக்கு முன்னால் அவன் ஒற்றைக் குதிரையில் கோட்டைக்கு வெளியே வந்து எதிரிகளைப் பார்த்துச் சிரிப்பான் இல்லையா, அங்கே நான் விசில் அடித்தேன். பெரியவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இடைவேளையில் நான் சமோசா வாங்கப் போனேன். அங்கே ஒரு கூட்டம். திரும்பி வந்து எல்லோர் காலையும் மிதித்து என் சீட்டில் உட்கார்ந்தபோது போர் தொடங்கிவிட்டிருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வரும் வழியில் ஆட்டோவில் நாலு பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அப்போதே இந்தக் கட்டுரையை நாம் வாயால் எழுதிவிட்டோம். சின்னவளுக்கு அவன் இரண்டு கையிலும் வாள் சுழற்றியதுதான் வீரம். இடது கையால் சாப்பிடக்கூட உனக்கு வராது என்று பெரியவள் சீண்டினாள். பெரியவளுக்கு, அவன் ஓடுகிற எதிரியைத் துரத்தவில்லை, சண்டைக்கு முன்னால் ஊர் ஜனங்களுக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டான், அதுதான் வீரம். நான் சொன்னேன்: அதெல்லாம் சரி, அவன் ஒரு தடவையாவது பயந்தானா, முகத்தில் ஒரு துளி பயம் உண்டா? இதைச் சொல்லும்போது அம்மாவுக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அம்மா வெளியே அல்சூர் ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். களைப்பு என்று நினைத்தேன்.

மறுநாள் ஞாயிறு. நீங்கள் இரண்டு பேரும் தமிழ் வகுப்புக்குப் போய்விட்டீர்கள், பெரியவள் சின்னவளைக் கொண்டுவிட. நான் சிவாஜிநகர் போய்க் கறி வாங்கி வந்தேன். அம்மா அடுக்களையில் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் எதிரே உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தேன், வழக்கமில்லாத வழக்கமாக. அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"என்ன, தேதி பேச வந்தீங்களா?"

ஆமாம் என்றேன். நேற்று பார்த்தாயே, அவ்வளவு பெரிய சேனையைப் பார்த்தே அவன் பயப்படவில்லை, நீ ஒரு ஊசிக்கு இப்படிப் பண்ணலாமா என்று ஆரம்பித்தேன்.

"அவன் பயப்படலைன்னு யார் சொன்னா?"

"நான்தான் பார்த்தேனே."

"நீங்க எங்க பார்த்தீங்க. சமோசா வாங்கப் போயிட்டீங்க."

பிறகு அவள் அந்தக் காட்சியைச் சொன்னாள். உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. போருக்குக் கிளம்பும் முன்னால் கூடாரத்தில் அவன் தனியாக நிற்கிறான். வெளியே முரசு அடிக்கிறார்கள். இரும்புக் கவசத்தை எடுத்து மார்பில் வைக்கிறான். அதைக் கட்டுகிற வார் எல்லாம் முதுகுப் பக்கம். தானாகக் கட்டிக்கொள்ளப் பார்க்கிறான், முடியவில்லை. கை நடுங்குகிறது. காவலுக்கு நிற்கும் ஒரு சிப்பாயைக் கூப்பிடுகிறான். நடுங்குகிற கையை அவனிடம் மறைக்கவில்லை. என்னமோ சொல்லிவிட்டு முதுகைத் திருப்பி நிற்கிறான். அவன் என்ன சொன்னான் என்று அம்மா உன்னிடம் கேட்டாளாம், சின்னவளே. "பயமாத்தான் இருக்கு, கெட்டியா கட்டுன்னு சொல்றான்மா" என்று நீதான் சொன்னாயாம். நீ இரண்டு வாளை ஞாபகம் வைத்துக்கொண்டாய், இதை மறந்துவிட்டாய். பேச்சு புரியாத அம்மாதான் அந்த வாரையும் கையையும் விடாமல் பார்த்திருக்கிறாள்.

சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்து உரித்தாள். கண்ணில் தண்ணீர். வெங்காயத்துக்கு வந்த தண்ணீர் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"இத்தனை மாசமா எல்லாரும் எனக்குத் தைரியம் சொல்றீங்க. உனக்குப் பயமா இருக்கான்னு ஒருத்தரும் கேட்கலை."

நான் கேட்டேன். உனக்குப் பயமா இருக்கா? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவளிடம் கேட்காத கேள்வி அது.

"கத்திக்குப் பயமில்லை" என்றாள். "மயக்க ஊசி போட்டுடுவாங்க. அதுக்கப்புறம் நான் எங்க இருப்பேன்னு எனக்கே தெரியாது. முழிச்சுக்கலைன்னா? பிள்ளைங்க ஸ்கூல்ல இருக்கும். யாருகிட்டயும் சொல்லாம அப்படியே போயிடுவேனோன்னு இருக்கு."

ஒன்றும் ஆகாது என்ற வார்த்தை என் வாய் வரை வந்தது. அதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன். இந்தத் தடவை அடக்கிக்கொண்டேன். நான் என்ன பண்ணணும் என்று கேட்டேன்.

அவள் நிஜமாகவே யோசித்தாள். "உள்ளே கூட்டிட்டுப் போற கதவு வரைக்கும் வாங்க. நான் வெளியே வர்ற வரைக்கும் அந்தக் கதவுகிட்டயே நில்லுங்க. நான் இங்க இல்லாத நேரத்துக்கு நீங்க இங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சா போதும்." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சமோசா வாங்கப் போயிடாதீங்க" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். கறி வெந்துகொண்டிருக்கும்போது அவளே சொன்னாள்: "தை வரைக்கும் பயந்துகிட்டு உட்கார முடியாதுங்க. மார்கழியிலேயே வச்சுக்கலாம்." மார்கழியில் நல்ல காரியம் எதுவும் தொடங்கக் கூடாது என்று ஒவ்வொரு வருஷமும் எனக்குச் சொல்கிறவள் அவள்.

ஆபரேஷன் அன்றைக்கு நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். பெரியவளுக்குப் பரீட்சை, வரக் கூடாது என்று அம்மாவின் உத்தரவு. முதல் நாளே தாலிச் சங்கிலியைக் கழற்றிவிட்டு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டாள். நகை எதுவும் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். காலையில் சிஸ்டர் ஒரு பச்சை அங்கியைக் கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொன்னார். அம்மா உள்ளே போய் மாற்றிக்கொண்டு, திரைக்குப் பின்னாலிருந்து என்னைக் கூப்பிட்டாள். போனேன். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அந்த அங்கிக்கு நாடா எல்லாம் முதுகுப் பக்கம்தான்.

திரும்பாமலே சொன்னாள். "பயமாத்தான் இருக்கு. கெட்டியா கட்டுங்க."

நான் கார் சீட்டுக்கு உறை தைக்கிறவன். சீட்டுக்கு அடியில், யாரும் பார்க்காத பக்கம், நாள் முழுக்க வார் கட்டுகிறவன். அன்றைக்கு மூன்று நாடாவைக் கட்ட எனக்கு விரல் வரவில்லை. என் கையும் நடுங்கியது. அவள் முதுகில் அது தெரிந்திருக்கும். நான் மறைக்கவில்லை. "எனக்கும்தான்" என்றேன். கட்டி முடித்தேன். சிஸ்டர் வந்து பார்த்துவிட்டு, இப்படிக் கட்டினால் உள்ளே எப்படி அவிழ்ப்பது என்று கோபித்துக்கொண்டு, ஒன்றைத் தளர்த்திவிட்டார். அம்மாவுக்குச் சிரிப்பு. சிரித்துக்கொண்டேதான் ஸ்ட்ரெச்சர் வண்டியில் படுத்தாள்.

கதவு வரைக்கும் போனேன். கதவு மூடியது. அங்கேயே நின்றேன். செக்யூரிட்டி ஒரு நல்ல மனுஷர், கன்னடத்தில் உட்காரச் சொன்னார், கீழே டீ நன்றாக இருக்கும், போய்விட்டு வாருங்கள், ரொம்ப நேரம் ஆகும் என்றார். வேண்டாம் என்றேன். கேட்டவருக்கெல்லாம் காரணம் சொல்லவில்லை. வேண்டுதலா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்வதுதான் சுலபமாக இருந்தது, அதில் பொய்யும் ரொம்ப இல்லை. அதற்குப் பிறகு வண்டி வரும்போதெல்லாம் அவரே எனக்காக மற்றவர்களை நகர்த்தி வழி செய்து, என்னை மட்டும் நிற்க விட்டார்.

நிற்கும்போது அந்தத் தளபதியைத்தான் நினைத்தேன். அவனை இல்லை, அவன் முதுகில் வார் கட்டிய சிப்பாயை. படத்தில் அவனுக்குப் பேரே இல்லை என்று அம்மா சொன்னாள். அவன் தளபதிக்குத் தைரியம் எதுவும் சொல்லவில்லையாம். கட்டிவிட்டு, ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, வெளியே போய் நின்றுகொண்டானாம்.

டாக்டரம்மா வெளியே வந்து எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார். மதியத்துக்கு மேல்தான் அம்மாவைப் பார்க்க விட்டார்கள். கண்ணைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். உதடு காய்ந்திருந்தது.

"நின்னீங்களா?"

"நின்னேன்."

"கால் வலிக்குமே."

இப்போது அவளைத்தான் பார்க்கிறீர்களே. படி திரும்பும் இடத்தில் நிற்பதே இல்லை. நான்தான் கறிப் பையோடு பாதியில் நின்று மூச்சு வாங்குகிறேன், மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, கீரைக் கட்டு கனக்குதா?" என்று கேட்கிறாள். அந்தக் காட்சியை நான் இன்றுவரை பார்க்கவில்லை. டிவியில் போட்டார்கள், அப்போதும் கடைக்குப் போய்விட்டேன். பார்க்காவிட்டால் என்ன.

அதனால் சின்னவளே, கட்டுரையை இன்னும் கொடுக்கவில்லை என்றால் முதல் வரியை அழித்துவிடு. வீரன் பயமில்லாதவன் இல்லை. பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பிறகும் போகிறவன். கவசத்தைத் தானே கட்டிக்கொள்ள முடியாது என்று தெரிந்து, ஒருவரை நம்பி முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கிறவன். அக்கா சொன்னதையும் எழுது, ஓடுகிறவனைத் துரத்தாததும் ஊர் ஜனங்களுக்குக் கதவு திறந்ததும் நல்ல குணம்தான். இரண்டு வாளையும் வேண்டுமானால் எழுதிக்கொள். பெரியவளே, நீ வளர்ந்து எங்கே வேலைக்குப் போனாலும் யாராவது உன்னிடம் தைரியமாக இரு என்றால் கோபித்துக்கொள்ளாதே, நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள். ஆனால் நீ மற்றவர்களிடம், பயமாக இருக்கிறதா என்று முதலில் கேள்.

ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கிறது, அம்மாவுக்கும் தெரியாது. ஆபரேஷன் அன்றைக்குச் சாயங்காலம் அவள் மறுபடி தூங்கிவிட்டாள். காலையில் அவள் கட்டிக்கொண்டு வந்த புடவையை ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டித் திணித்து என்னிடம் கொடுத்திருந்தார்கள். வெளியே வராந்தாவின் கடைசியில் ஒரு ஜன்னல், அங்கே யாரும் இல்லை. போய்ப் புடவையை உதறினேன். வீட்டில் நான் இதைச் செய்ததில்லை. ஒரு முனையைத் தாடைக்கு அடியில் இடுக்கிக்கொண்டு, கையை நீட்டி, கரையோடு கரை சேர்த்து மடித்தேன். முதல் தடவை கோணிக்கொண்டது. பிரித்து, மறுபடி மடித்தேன். இந்தத் தடவை கரை நேராக வந்தது. உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துவிட்டு, வீட்டுக்குப் போகும் நாளில் முதலில் அதுதான் அவள் கைக்கு வரும்படி பையின் மேலாக வைத்தேன்.